கிறிஸ்தவ இல்லத்திற்கு ஏற்ற நூல் எது?

நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் இக்காலத்து நூல்களுக்குக் குறைவில்லை. ஆராதனை முடிந்ததும் ஆலய வாயிலில் விற்கப்படும் சிறு புத்தகங்களும், கைப்பேசியின் வழியே நாடோறும் வந்து குவியும் கதைகளும், கிறிஸ்மஸ் காலத்தில் சபை மைதானத்தில் திரை கட்டிக் காட்டப்படும் படங்களும் எண்ணிறந்தன. ஆயின் இவற்றுள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று ஆராய்ந்து சொல்வார் மிகச் சிலரே. பனமரத்துப்பட்டி போன்ற ஊரில் ஒரு வீட்டினின்றும் ஒரு பிள்ளை கல்லூரிக்குச் சென்றிருப்பின், அவ்வினா அப்பிள்ளையிடமே வந்து சேர்கின்றது. "இப்படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?" என்று அத்தை கேட்கின்றார். "இப்புத்தகத்தில் எழுதியிருப்பது மெய்தானா?" என்று பெரியப்பா கேட்கின்றார். பத்தொன்பது வயதினர் நூல்களுக்குத் தீர்ப்புக் கூறப் புகுவது துணிவு என்று பெரியோர் கருதலாம். எனினும் வினா எம்மை நாடி வருகின்றமையின், விடை கூறுதற்குரிய நெறி யாதென ஆராய்வது எம் கடமையாகின்றது.

இப்பொழுது நம்மிடையே வழங்கும் நெறிகள் இரண்டு. ஒன்று, பெயரைக் கண்டு கொள்வது. அட்டையில் சிலுவையும் உள்ளே வேத வசனமும் இருப்பின் நூல் நன்று என்பது அதன் துணிபு. மற்றொன்று, குற்றங்களை எண்ணித் தள்ளுவது. ஒரு படத்தில் எத்தனை முறை மது அருந்தினர், எத்தனை முறை கடுஞ்சொல் கூறினர் என்று கணக்கிட்டு, தொகை மிகுந்தால் படம் தீது என்பது அதன் துணிபு. இவ்விரண்டாவது நெறி புதியதன்று. உரோமைத் திருச்சபை 1559-ஆம் ஆண்டில் விலக்கப்பட்ட நூல்களின் அட்டவணை ஒன்றை வெளியிட்டது. பன்முறை திருத்தப்பெற்று வந்த அவ்வட்டவணை 1966-ஆம் ஆண்டிலேயே வழக்கொழிந்தது. அமெரிக்காவில் 1933-ஆம் ஆண்டு கத்தோலிக்கர் தொடங்கிய 'லீஜன் ஆஃப் டீசென்சி' என்னும் சங்கம் திரைப்படங்களைத் தரம் பிரித்து, காணத்தக்கவை இவை, கண்டிக்கத்தக்கவை இவை என்று அட்டவணையிட்டது. பிள்ளைகளைக் காக்கும் நல்லெண்ணமே இவற்றிற்கு அடிப்படை என்பதை மறுப்பாரில்லை.

ஆயினும் இவ்விரு நெறிகளும் நூலை வாசிக்கும் உழைப்பினின்றும் நம்மை விடுவித்து விடுகின்றன. அட்டையைக் காண்பதற்கும் குற்றத்தை எண்ணுவதற்கும் அறிவு வேண்டுவதில்லை. எண்ணும் நெறியை நம் வேத புத்தகத்தின் மீதே செலுத்திப் பாருங்கள். நோவா மது மயக்கத்தில் ஆடையின்றிக் கிடந்தது அங்கே கூறப்பட்டிருக்கின்றது. தாவீது பிறன் மனைவியைக் கவர்ந்து, அவள் கணவனாகிய உரியாவைப் போர்முனையில் மடியச் செய்தது கூறப்பட்டிருக்கின்றது. பேதுரு தன் ஆண்டவரை மும்முறை மறுதலித்ததும் மறைக்கப்படவில்லை. குற்றங்களின் தொகையைக் கொண்டு தீர்ப்புச் செய்வோர் முதலில் விலக்க வேண்டிய நூல் அதுவேயாகும். பாவம் ஒரு நூலில் கூறப்படுகின்றதா என்பது சிறுவினா. பாவம் பாவமாகவே காட்டப்படுகின்றதா, அதன் விளைவு மெய்யாகக் கூறப்படுகின்றதா என்பதே பெருவினா. தாவீதின் வரலாற்றைப் படித்த எவரும் பிறன்மனை நயத்தலை விரும்பார்.

அங்ஙனமாயின் நாம் கொள்ள வேண்டிய அளவைகள் யாவை? எவ்வகை நூலாயினும் அதன் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் நெறி. யாவற்றையும் ஆராய்ந்து பார்த்து நல்லதை விடாது பற்ற வேண்டும் என்பது பவுலடிகள் தெசலோனிக்கே சபையாருக்குக் கூறிய அறிவுரை. இவ்விரு பெரியோர் வழியில் நின்று, மூன்று அளவைகளை இங்கே முன்வைக்கின்றேன்.

முதலாவது, உண்மை. தமக்கு முன்னே பலர் எழுதியிருப்பினும், கண்ணாரக் கண்டவர் கூற்றுகளைத் தொடக்கமுதல் விசாரித்து ஒழுங்காக எழுதுவதாகத் தம் சுவிசேஷத்தின் முகப்பிலேயே லூக்கா கூறுகின்றார். கிறிஸ்தவ எழுத்தாளர்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேண்டுவதில்லை. ஆனால் நம் இல்லங்களில் உலவும் எழுத்துகளுள் இவ்விலக்கணத்திற்கு முற்றும் மாறானவை பல. லெந்துலு என்னும் உரோம அதிகாரி இயேசுவின் முகத்தையும் தலைமயிரையும் வருணித்து எழுதியதாக ஒரு கடிதம் இன்றும் பரப்பப்படுகின்றது. அஃது இடைக்காலத்தில் புனையப்பட்டது என்பது அறிஞர் முடிபு. 15-ஆம் நூற்றாண்டிலேயே லொரென்சோ வல்லா என்னும் இத்தாலியர் அதனைப் போலியெனக் கடிந்தார். டார்வின் தம் மரணப் படுக்கையில் தம் கொள்கையைக் கைவிட்டு மனந்திரும்பினார் என்னும் கதை 1915-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. அவர் இறுதி நாட்களில் உடனிருந்த மகள் ஹென்றியேட்டா, 1922-ஆம் ஆண்டில் அதனை வெளிப்படையாக மறுத்தார். ஆயினும் நூறாண்டு கடந்தும் அக்கதை சிறு புத்தகங்களில் உயிருடன் உலவுகின்றது.

இதனால் என்ன கேடு, நல்ல நோக்கத்துடன் தானே கூறப்படுகின்றது என்பார் உளர். கேடு பெரிது. பன்னிரண்டு வயதில் இக்கதையை ஞாயிறு பள்ளியில் கேட்ட பிள்ளை, பதினெட்டு வயதில் கல்லூரி நூல்நிலையத்தில் அதன் பொய்ம்மையை அறிகின்றது. அப்பொழுது அது தள்ளுவது டார்வின் கதையை மட்டுமன்று. அதே வாயினின்றும் கேட்ட மற்றவற்றையும் ஐயுறத் தொடங்குகின்றது. கல்லறை வெறுமையாயிற்று என்று கூறியவரும் இக்கதையைக் கூறியவரும் ஒருவரே அன்றோ என்று எண்ணுகின்றது. நம் இளைஞர் சிலர் சபையை விட்டு அகலுவதற்கு உலகின் கவர்ச்சியே காரணம் என்று பெரியோர் வருந்துகின்றனர். நாம் அவர்களுக்குக் கொடுத்த பொய்யும் காரணங்களுள் ஒன்று என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உண்மை வேண்டும் என்றதனால் கற்பனை வேண்டா என்பது பொருளன்று. நம் ஆண்டவரே உவமைக் கதைகளால் போதித்தார். வீரமாமுனிவர் 1726-ஆம் ஆண்டில் இயற்றிய தேம்பாவணி, சூசையப்பரை வளன் என்னும் பெயரால் தலைவராகக் கொண்டு 3615 பாடல்களில் நடக்கின்றது. அதில் வரும் செய்திகளுள் பல சுவிசேஷங்களில் இல்லை; ஆகிருதா மரியாள் என்னும் ஸ்பானியத் துறவியின் நூலினின்றும் பல எடுக்கப்பட்டன. எனினும் காப்பியம் காப்பியமாகவே நம்முன் நிற்கின்றது. வரலாறு என்று வேடம் புனையவில்லை. கற்பனை தன்னைக் கற்பனை என்று ஒப்புக்கொள்ளும்வரை அதில் பொய்யில்லை.

இவ்வளவையைப் படங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். 1927-ஆம் ஆண்டில் சிசில் டிமில் எடுத்த 'கிங் ஆஃப் கிங்ஸ்' என்னும் மௌனப் படம், மகதலேனா மரியாளைச் செல்வச் செழிப்பில் வாழும் கணிகையாகவும், யூதாசை அவள்பால் காதல் கொண்டவனாகவும் காட்டித் தொடங்குகின்றது. இவ்விரண்டிற்கும் சுவிசேஷங்களில் ஆதாரமில்லை. பிற்பகுதியில் அப்படம் எத்துணைப் பக்தியூட்டினும், காண்போர் மனத்தில் மகதலேனாள் ஒரு கணிகையாகவே பதிந்து விடுகின்றாள். 1979-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஜீசஸ்' என்னும் படமோ லூக்காவின் சுவிசேஷத்தை அடியொற்றிச் செல்கின்றது. தமிழ் உள்ளிட்ட பன்மொழிகளில் குரல் சேர்க்கப்பெற்றுச் சிற்றூர்கள்தோறும் காட்டப்பட்டது. அலங்காரம் குறைவு, ஆயினும் படத்தைக் கண்ட பிள்ளை வேதத்தைத் திறந்தால் அதே நிகழ்ச்சிகளைக் காணும். 2004-ஆம் ஆண்டின் 'பாஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' ஆண்டவரின் பாடுகளை மிகக் கொடிய காட்சிகளால் தீட்டியது. முதிர்ந்தோர் சிலர் அதனால் மனம் உருகினர் என்பது மெய். ஆனால் அதனைச் சிறு பிள்ளைகள் நடுவே காட்டுதல் தகாது. எங்கள் ஊர்ப்புறத்தில் அரளி பயிரிடுவோர் பலர். அதன் பூ மாலைக்கு ஆகும். அதன் இலை ஆட்டிற்கு நஞ்சாகும். உழவர் அதற்காக அரளியை வெட்டி எறிவதில்லை. ஆட்டை அதில் மேய விடுவதுமில்லை. யாருக்கு, எவ்வயதில் என்னும் கேள்வியைக் கேளாத மதிப்புரை பாதி மதிப்புரையே.

இரண்டாவது அளவை, மொழி. நம் முன்னோர் இதில் காட்டிய அக்கறையை நினைத்தால் நமக்கு நாணம் உண்டாகும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ஆம் ஆண்டில் அச்சேறி முடிந்தது. அது போதாதென்று பப்ரீசியுஸ் ஐயர் மீண்டும் உழைத்தார். அதுவும் போதாதென்று இரேனியுஸ் ஐயர் உழைத்தார். அதன் பின்னும் பவர் ஐயர் தலைமையில் ஒரு குழுவினர் உழைத்து 1871-ஆம் ஆண்டில் ஒரு திருத்தத்தை வெளியிட்டனர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே நூலைத் தமிழாக்கித் தமிழாக்கித் திருத்தினர். இன்றோ அயல்நாட்டுப் புத்தகம் ஒன்று ஒரு திங்களில் மொழிபெயர்க்கப்பட்டு மறுதிங்களில் விற்பனைக்கு வருகின்றது. எழுவாயைத் தேடிப் பிடிப்பதற்குள் வாக்கியம் முடிந்து விடுகின்றது. பாக்கும் தென்னையும் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, உறைபனியும் ஓக் மரமும் கொண்டு விசுவாசம் விளக்கப்படுகின்றது. இவற்றைப் படிக்கும் பிள்ளை, பக்தி என்பது வேற்றூரார் பேசும் பாஷை என்று எண்ணுமாயின் வியப்பென்ன?

அயல்நூலைத் தமிழாக்குவது எங்ஙனம் என்பதற்கு எச். ஏ. கிருஷ்ண பிள்ளை நல்ல சான்று. 1678-ஆம் ஆண்டில் ஜான் பனியன் வெளியிட்ட மோட்ச யாத்திரைக் கதையை அவர் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. 1858-ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெறுமுன் தாம் வைணவராய்க் கற்ற கம்பனைக் கைவிடாது, அக்காப்பிய நடையிலேயே இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். 1894-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த அதனை இன்று சமய வேறுபாடின்றித் தமிழ் வகுப்புகளில் படிக்கின்றனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரோ பெத்லகேமை நோக்கிக் குறவஞ்சியை நடத்திச் சென்றார். இவர்கள் நூல்கள் நிலைத்தமைக்குப் பக்தி ஒன்றே காரணமன்று, தமிழும் காரணம். பிழை மலிந்த நூலைப் 'பொருள் நன்று' என்று பொறுத்துக்கொள்வோர், ஆண்டவருக்குப் பழுதற்ற காணிக்கையையே செலுத்த வேண்டும் என்னும் வேதக் கட்டளையை மறந்தவராவர்.

மூன்றாவது அளவை, அயலாரிடத்து நீதி. எங்கள் ஊரில் கிறிஸ்தவர் தொகை சிறிது. திண்ணையில் வந்தமர்வோர் பெரும்பாலும் பிற சமயத்தவரே. நம் பிள்ளைகளின் விளையாட்டுத் தோழரும் அவர் பிள்ளைகளே. ஆதலின் ஒரு நூலைக் கையில் எடுத்ததும் யான் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. அயல்வீட்டுப் பெரியவர் அருகில் அமர்ந்திருக்கையில் இதனை உரக்கப் படிக்க இயலுமா? அவர் தெய்வத்தைப் பழித்தும், அவர் அறிவை இகழ்ந்தும் எழுதப்பட்ட நூலை அப்பொழுது வாய்விட்டுப் படிக்க நா எழாது. அங்ஙனம் படிக்கலாகாத நூலைத் தனியறையில் நம் பிள்ளைக்குக் கொடுப்பது, அயலானை நேசிக்க வேண்டும் என்னும் கட்டளைக்கு எங்ஙனம் பொருந்தும்?

பிற சமயத்தார் நமக்குச் செய்த நீதியையும் இங்கே நினைவுகூர்தல் தகும். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் வேத மொழிபெயர்ப்புப் பணிக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் சைவத்தில் ஊன்றி நின்றவர். பாளையங்கோட்டைச் சபையின் தாய் எனத்தக்க கிளாரிந்தா அம்மையாரைக் குறித்து 1915-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் நாவல் எழுதிய அ. மாதவையா கிறிஸ்தவர் அல்லர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற அந்தணர். நவாப் இராஜமாணிக்கம் பிள்ளை தம் நாடக மேடையில் இயேசுநாதர் வரலாற்றை நடத்திக் காட்டினார். பெயரைக் கண்டே கொள்வோம் என்பார்க்கு இவர்தம் பணிகள் எவ்வகையில் சேரும்? 1879-ஆம் ஆண்டில் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளையோ கிறிஸ்தவர். அவர் நாவலில் மதப்பிரசாரம் இல்லை. ஆயினும் நேர்மையையும் பெண் கல்வியின் மேன்மையையும் அதனினும் இனிதாகக் கற்பிக்கும் நூல் கிறிஸ்தவ இல்லத்தில் இருப்பது நன்றேயன்றித் தீதன்று.

இம்மூன்றும் ஒன்றுகூடி ஆராயப்பட வேண்டும் என்பதற்கு ஒரு படத்தைக் காட்டுவேன். கத்தோலிக்கரிடையே அம்மானையாகவும் நாடகமாகவும் நெடுங்காலம் வழங்கிய ஞானசௌந்தரி கதை, 1948-ஆம் ஆண்டில் இரு நிறுவனத்தாரால் படமாக்கப்பட்டது. சிட்டாடல் நிறுவனத்தார் எடுத்த படத்தில் எம். வி. இராஜம்மாளும் டி. ஆர். மகாலிங்கமும் நடித்தனர், அது பெருவெற்றி பெற்றது. ஜெமினி நிறுவனத்தார் எடுத்த மற்றொன்று மக்களிடம் எடுபடவில்லை. கதை ஒன்று, சமயப் பெயரும் ஒன்று. ஆயினும் விளைவு வேறாயிற்று. கதையிலோ, சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகளை இழந்த பெண் தேவமாதாவின் அருளால் அவற்றை மீளப் பெறுகின்றாள். சீர்திருத்த சபையார் இதனை ஒப்பார். அவர் வீட்டில் இப்படத்தைத் தள்ள வேண்டுமோ? வேண்டுவதில்லை என்பேன். இது கர்ண பரம்பரைக் கதை என்றும், மாதாவை வேண்டுவது கத்தோலிக்கர் வழக்கம், நம் வழக்கம் வேறு என்றும் பிள்ளைக்கு விளக்கி விட்டால் உண்மைக்கு ஊறில்லை. குற்றமற்றவள் துன்புற்றும் பழிவாங்க நினையாத பொறுமையோ எச்சபையார்க்கும் பொதுவானது. நல்ல மதிப்புரை இவ்வேற்றுமையை மறைக்காது. வேற்றுமை ஒன்றே காரணமாக நன்மையையும் தள்ளாது.

வாழ்க்கை வரலாறுகளில் இவ்வாராய்ச்சி இன்னும் இன்றியமையாதது. எங்கள் சமவெளிக்கு அண்மையில் நிற்கும் கொல்லிமலையில் 1913-ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி பிராண்டு என்னும் இளைஞரும் அவர் மனைவி எவலினும் குடியேறினர். காய்ச்சலால் 1929-ஆம் ஆண்டில் கணவர் அங்கேயே மடிந்தார். அம்மையார் பல்லாண்டு கழித்து, ஓய்வு பெறும் வயதில், தம்மை அனுப்பிய சங்கத்தார் இசையாத நிலையிலும் மலைக்கு மீண்டு, 1974-ஆம் ஆண்டில் தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும்வரை மலைமக்களிடையே உழைத்தார். 1914-ஆம் ஆண்டில் பிறந்த அவர் மகன் பால் பிராண்டு, வேலூர் மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து புகழ்பெற்றார். டாரதி கிளார்க் வில்சன் என்பார் 1976-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதிய வரலாறு அம்மையாரின் பிடிவாதத்தையும் மறைக்கவில்லை. அதனாலேயே அவர் நமக்கு மெய்ம்மனிதராகத் தோன்றுகின்றார். குறையேயில்லாத பக்தர்களின் கதையைப் படிக்கும் பிள்ளை, 'இஃது எனக்கு ஆகாது' என்று புத்தகத்தை மூடும். குறையுள்ள கிழவி ஒருத்தி மலையேறிய கதையைப் படிக்கும் பிள்ளை, தானும் எழுந்து நிற்கும். தெளிந்த தமிழில் இக்கதை பனமரத்துப்பட்டி வீடுதோறும் இருத்தல் வேண்டும்.

இங்கே ஒரு தடை எழலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் மூதாட்டி ஒருவர், பிழை மலிந்த துண்டுப் பிரசுரத்தால் ஆறுதல் பெறுகின்றார். அவரிடம் சென்று இலக்கணமும் வரலாறும் பேசுவது இரக்கமற்ற செயலன்றோ என்பது அத்தடை. இதில் நியாயம் உண்டு. அவர் கையிலுள்ள தாளைப் பறிக்குமாறு யான் கூறவில்லை. கடவுள் எளிய கருவியையும் பயன்படுத்துவார். ஆனால் அவருடைய இரக்கம் எழுதுவோரின் சோம்பலுக்கும், பதிப்போரின் அவசரத்திற்கும் நற்சான்று ஆகிவிடாது. அன்றியும் மூதாட்டி கற்றார் அல்லர் என்பதற்காகத் தாழ்ந்ததைக் கொடுப்பதே இரக்கமற்ற செயல். அவர்க்கே சிறந்ததைக் கொடுத்தல் வேண்டும். ஏனெனில் அவர் படிக்கப்போவது ஒன்றோ இரண்டோ புத்தகங்களே.

ஆதலின் நம் கல்லூரித் தமிழ் மன்றத்தார் முன்னர் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். ஆண்டுதோறும் பத்து நூல்களையும் இரண்டு படங்களையும் மாணவர் எடுத்துக்கொண்டு ஆராய வேண்டும். நூலை முதலினின்று முடிவுவரை படித்தவரே மதிப்புரை எழுத வேண்டும். மெய்யா, தமிழா, அயலார்க்கு நீதியா என்னும் மூன்று கேள்விகளுக்கும், எவ்வயதினர்க்கு ஏற்றது என்பதற்கும் ஒரே பக்கத்தில், கிராமத்து வாசகர்க்கு விளங்கும் நடையில் விடை கூற வேண்டும். குறையைக் கூறும்போது பக்க எண்ணைக் காட்ட வேண்டும். நிறையைக் கூறும்போதும் அங்ஙனமே. நம் சபையைச் சார்ந்தவர் எழுதியது என்னும் காரணத்தால் எந்நூலுக்கும் சலுகை காட்டலாகாது. இவ்வேடுகள் சபைகளுக்குச் சென்று சேரப் போதகர்களும் ஆசிரியர்களுமாய் விளங்கும் பழைய மாணவர் உதவுவர் என்று நம்புகின்றேன். நம் பேராசிரியர்கள் எங்கள் ஆராய்ச்சியில் காணும் பிழைகளைத் திருத்தியருள்வர்.

இது பெருஞ்செலவு வேண்டும் பணியன்று. நேரமும் நேர்மையும் வேண்டும் பணி. தமிழைச் சிறப்பாகக் கற்க இக்கல்லூரி நமக்கு இடமளித்திருக்கின்றது. கற்றதன் பயனை வீட்டில் காத்திருக்கும் அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் முதலில் கொடுப்போமாக.